வேகன் ஆருக்கு எத்தனை சதவீத சன் ஃபிலிம்? 35-ஆ, 50-ஆ, 70-ஆ?

வைகைக்கரையான்

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் இருக்கிறேன். போன மாதம் வெள்ளை நிற வேகன் ஆர் எடுத்தோம். இது எங்கள் வீட்டின் முதல் கார். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வெயில் பட்டால் கண் கூசுகிறது என்கிறார். பையனுக்கு மூன்று வயது. வெயிலில் நிறுத்திய வண்டியில் ஏற்றினால் சீட் பெல்ட் கொக்கி தொடையில் பட்டு அலறுகிறான்.

நேற்று ஒரு கடைக்குப் போனேன். சாவிக்கொத்து மாதிரி கோத்து வைத்த சாம்பிள் துண்டுகளை நீட்டினார்கள். 20, 35, 50, 70 என்று எழுதியிருந்தது. 70 என்றால் ரொம்பக் கறுப்பு, போலீஸ் பிடிப்பார்கள் என்று நினைத்து, "சரி, 35 போடுங்க, லேசாக இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். கடைப் பையனும் தலையாட்டினான். அப்புறம் ஒரு சந்தேகத்தில் இரண்டு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் 35 தான் கறுப்பு! 70 துண்டு டீ டிகாஷனில் தண்ணீர் ஊற்றின மாதிரி இருக்கிறது. குழப்பத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எத்தனை சதவீதம் போடலாம்? நாலு கதவுக்கும் சாதா ஃபிலிம் 4000 ரூபாய், செராமிக் 9500 ரூபாய் என்றார்கள். விண்ட்ஷீல்டுக்குத் தனிக் காசு.

கியர்பாக்ஸ்

நல்லவேளை, திரும்பி வந்தீர்கள். இந்தக் குழப்பத்தில் மாட்டாத ஆளே இல்லை. அந்த எண் இருட்டைச் சொல்லவில்லை, உள்ளே விடும் வெளிச்சத்தைச் சொல்கிறது. 35 என்றால் நூறு பங்கு வெளிச்சத்தில் 35 பங்கை உள்ளே விடும். எண் குறையக் குறைய இருட்டு கூடும். சில கடைகளில் இதைத் தலைகீழாகவும் சொல்வார்கள். "70 பர்சன்ட் டார்க்" என்று ஒருவர் சொன்னால் அது 30 ஃபிலிமாக இருக்கலாம். அதனால் வாயால் சொல்வதை நம்பாமல், "வெளிச்சம் எவ்வளவு உள்ளே வரும்" என்று கேளுங்கள்.

இன்னொன்றைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் கார் கண்ணாடி வெறும் கண்ணாடியாக இருக்கும்போதே நூறு சதவீதத்தை விடுவதில்லை. இப்போது வரும் கண்ணாடிகளில் லேசான பச்சை ஓட்டம் இருக்கும். சும்மாவே 75 பக்கம் தான் விடும். அதன் மேல் 50 ஃபிலிம் ஒட்டினால் கிடைப்பது 50 இல்லை. 75-இல் பாதி, அதாவது 37 தான். கழித்தல் கணக்கு இல்லை இது, பெருக்கல் கணக்கு. கடையில் 50 என்று வாங்கி, "நான் சட்டப்படி தானே போட்டிருக்கிறேன்" என்று சொல்லும் பாதிப் பேர் இங்கே தான் கோட்டை விடுகிறார்கள்.

போனில் லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்று இறக்கிக்கொள்ளுங்கள். நேர் வெயிலில் பார்க்காதீர்கள், சென்சார் உச்சத்தில் போய் நின்றுவிடும். போர்ட்டிகோ நிழலில் வைத்து, கண்ணாடி இறக்கி ஒரு தடவை, ஏற்றி ஒரு தடவை எடுத்து வகுத்துப் பாருங்கள். ஆர்டிஓவில் காட்டுகிற துல்லியம் இருக்காது, ஆனால் நம்ம வேலைக்குப் போதும்.

கறுப்புக்கிளி

ஏன் இவ்வளவு கணக்கு? நான் நாலு கதவிலும் 20 போட்டு நாலு வருஷமாக ஓட்டுகிறேன். இதுவரை ஒருத்தரும் நிறுத்தவில்லை. உள்ளே உட்கார்ந்தால் குகை மாதிரி குளுகுளு என்று இருக்கும். மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி கேட்டால் முதலில் என் வண்டியைத்தான் கேட்கிறார்கள். கறுப்பு இல்லாத கார் மீன் தொட்டி மாதிரி, ரோட்டில் போகிறவன் எல்லாம் உள்ளே எட்டிப் பார்ப்பான்.

வழக்குமன்றம்

கறுப்புக்கிளி சார், நிறுத்தாதது உங்கள் அதிர்ஷ்டம். இழையில் புதியவர் இருப்பதால் சட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆவது விதி. முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை விட வேண்டும், பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50. பல வருஷம் இதைச் சாக்காக வைத்து ஃபிலிம் ஒட்டிக்கொண்டிருந்தோம். 2012 ஏப்ரல் 27 அன்று அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த எண்கள் கண்ணாடி தயாராகும்போதே இருக்க வேண்டியவை, அதன் மேல் கறுப்பு ஃபிலிமோ வேறு எந்தப் பொருளோ ஒட்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. அந்த மே 4 முதல் அமல். ஃபிலிம் எத்தனை சதவீதம் என்ற பேச்சே அப்போது எடுபடவில்லை. இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. அபராதம் போட்டால் மட்டும் போதாது, அங்கேயே ஃபிலிமைக் கிழிக்கவும் வேண்டும் என்று பிறகு ஆகஸ்டில் இன்னும் கடுமையாகச் சொன்னார்கள்.

அபராதம் மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆவது பிரிவில் வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை 500 ரூபாய், அடுத்தடுத்த தடவை 1500 வரை. பணம் பெரிதில்லை. ஒன்பதாயிரத்துக்கு ஒட்டியதை ரோட்டோரம் நகத்தால் உரிப்பதைப் பார்ப்பது தான் கொடுமை.

கொச்சின்எக்ஸ்பிரஸ்

சார் பாதியில் நிறுத்திவிட்டார். அது 2012 கதை. அதற்குப் பிறகு விதியே மாறிவிட்டது. 2021 ஏப்ரல் 1 முதல் 100-ஆவது விதியில் 'சேஃப்டி கிளாஸ்' என்பதோடு 'சேஃப்டி கிளேசிங்' என்ற சொல்லும் வந்துவிட்டது. கண்ணாடியின் உட்பக்கம் பிளாஸ்டிக் படலம் ஒட்டியதும் அதற்குள் அடங்கும். இதை வைத்துத்தான் 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், முன்னும் பின்னும் 70, பக்கத்தில் 50 என்ற அளவுக்குள் இருக்கிற ஃபிலிமுக்கு அபராதம் போடக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. நான் எர்ணாகுளத்தில் வேலை பார்க்கிறேன். தீர்ப்பு வந்த வாரம் இங்கே ஃபிலிம் கடைகளில் திருவிழாக் கூட்டம்.

வழக்குமன்றம்

கேரளத் தீர்ப்பை மறுக்கவில்லை. விதி மத்திய அரசின் விதி, அதனால் அந்தத் தீர்ப்பை இங்கே எடுத்து வாதாடலாம். ஆனால் வாதாடுவது கோர்ட்டில். மாட்டுத்தாவணி சிக்னலில் வெயிலில் நிற்கிற ஏட்டையாவிடம் 'சேஃப்டி கிளேசிங்' என்று விளக்கம் சொல்லிப் பாருங்கள். அவர் கையில் மீட்டர் கிடையாது. வெளியே நின்று பார்த்தால் உள்ளே ஆள் முகம் தெரிகிறதா, அவ்வளவு தான் அவருடைய மீட்டர். எனவே வைகைக்கரையான் தம்பிக்கு என் யோசனை: எது போட்டாலும் முகம் தெரிகிற மாதிரி போடுங்கள். கடையில் பில்லும், எந்த ஃபிலிம், எத்தனை சதவீதம் என்று எழுதின சீட்டும் வாங்கி ஆர்சி புக்கோடு வையுங்கள். அப்படியும் பிடித்தால் வாக்குவாதம் வேண்டாம், ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கறுப்புக்கிளி

ஆக, கிழிப்பார்கள், ஆனால் கிழிக்கக் கூடாது. நல்ல சட்டம் சார்.

தேனிமலை

சட்டத்தை விடுங்கள். நான் ஏன் உரித்தேன் என்று சொல்கிறேன். எனக்கும் 20 தான், முன் கதவு இரண்டிலும். பகலில் சொர்க்கம். போன ஐப்பசியில் ஒரு விசேஷம் முடிந்து இரவு ஒன்பதரை மணிக்குக் கிளம்பினோம். தூறல். தெருவிளக்கு இல்லாத ஊர். ரிவர்ஸ் எடுக்க வேண்டும். ரியர் கேமரா பின்னால் இருப்பதைக் காட்டுகிறது, சரி. ஆனால் வண்டியின் மூக்கு திரும்பும்போது இடது பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கண்ணாடி வழியாகத் தானே பார்க்க வேண்டும்? சைடு மிரரே தெரியவில்லை. மிரரில் தெரிவதும் ஃபிலிம் வழியாகத்தான் கண்ணுக்கு வருகிறது என்பது அதுவரை என் மண்டையில் ஏறவில்லை. வெளியே ஈரத்துளி, உள்ளே ஆவி, நடுவில் கறுப்பு ஃபிலிம். என் முகம் தான் தெரிகிறது. கண்ணாடியை இறக்கினால் சாரல் மனைவியின் பட்டுப்புடவையில். "ஏத்துங்க, ஏத்துங்க" என்றாள். ஏற்றினேன். வாய்க்கால் பாலத்தின் கட்டையில் இடது முன் கதவு நீளத்துக்கும் ஒரு கோடு.

டிங்கரிங், பெயின்ட் எல்லாம் சேர்த்து 11 ஆயிரம். அது போகட்டும். அன்றைக்கு அந்தக் கட்டைமேல் எப்போதும் இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மழை என்பதால் இல்லை.

பின் சீட்டுக்குக் கறுப்பு கேட்டால் எனக்குப் புரியும். முன் கதவில் மட்டும் வேண்டாம்.

ஸ்க்வீஜி

பதினான்கு வருஷமாக ஃபிலிம் ஒட்டுகிற ஆள் நான். என் தொழிலுக்கு நானே வேட்டு வைக்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

முதலில், இருட்டு வேறு, குளிர்ச்சி வேறு. வெயிலில் வரும் சக்தியில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. புற ஊதா ஐந்து பங்குக்குள் தான். சாயம் போட்ட சாதா ஃபிலிம் வெளிச்சத்தைத்தான் மறைக்கும், அகச்சிவப்பில் பெரும்பங்கை விட்டுவிடும். மறைத்த வெளிச்சத்தையும் தானே குடித்துக்கொள்ளும், கண்ணாடி சூடாகும், அந்தச் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வரும். சாதா 20 போட்ட வண்டியில் மத்தியானம் கண்ணாடியின் உட்பக்கம் கை வைத்துப் பாருங்கள், தோசைக்கல். கொஞ்சம் சூடு குறையும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கண்ணுக்கு இருட்டாக இருப்பதால் 'குளுகுளு' என்று மனசுக்குத் தோன்றுவது தான் அதிகம். கறுப்புக்கிளி சார் மன்னிக்கவும்.

நல்ல செராமிக் ஃபிலிம் 70 போட்டாலும் அகச்சிவப்பைப் பெரிய அளவில் தடுக்கும். பார்த்தால் ஒட்டியதே தெரியாது. மெட்டல் ஃபிலிமும் சூட்டைத் தடுக்கும், ஆனால் போன் சிக்னல், ஜிபிஎஸ் தகராறு வரும். விண்ட்ஷீல்டில் மெட்டல் ஒட்டி அதற்கு உள்ளே ஃபாஸ்டேக் ஒட்டினால் டோல்கேட்டில் பின்னால் நிற்பவன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பான்.

கடையில் ஒரு வித்தை காட்டுவார்கள். சிவப்பு பல்பு ஒன்றைப் போட்டு, நடுவில் ஃபிலிம் துண்டை வைத்து, "கை வையுங்க சார், சூடே இல்லை பாருங்க" என்பார்கள். நானும் காட்டியிருக்கிறேன். அந்த பல்பு முக்கால்வாசி அகச்சிவப்பைத்தான் விடும். வெயில் அப்படி இல்லையே. '97 சதவீதம் ஐ.ஆர். (அகச்சிவப்பு) தடுப்பு' என்று போட்டிருப்பதும் பல நேரம் குறிப்பிட்ட ஒரு அலைநீளத்தில் மட்டும் அளந்ததாக இருக்கும். நீங்கள் கேட்க வேண்டிய எண் டி.எஸ்.இ.ஆர். வெளிச்சம், அகச்சிவப்பு, புற ஊதா மூன்றையும் சேர்த்து மொத்த வெயிலில் எவ்வளவைத் தடுக்கிறது என்று சொல்வது அது. ஐ.ஆர். 97 என்று பெருமையடிக்கும் ஃபிலிமின் டி.எஸ்.இ.ஆர். 50-ஐத் தாண்டாமலும் இருக்கலாம். அந்த எண்ணைக் கேட்டதும் கடைக்காரர் டீ சொல்லப் போய்விட்டால் நீங்களும் கிளம்பிவிடுங்கள்.

அம்மாவின் கண் கூச்சத்துக்கு ஒரு வார்த்தை. 70 ஃபிலிம் பெரிதாக உதவாது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கூச்சம் முக்கால்வாசி முன் கண்ணாடி வழியாக வருவது. அவருக்கு நல்ல கூலிங் கிளாஸ் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பின் சீட்டில் வெயில் படாத பக்கம் உட்காரட்டும்.

பேருந்துநிலையம்

ஸ்க்வீஜி அண்ணா, புற ஊதா பற்றி ஒரு சந்தேகம். கண்ணாடி ஏற்றியிருந்தால் கை கறுக்காது என்று சொல்கிறார்களே? நான் டாக்சி ஓட்டுகிறேன். ஏசி போட்டு ஏற்றித்தான் ஓட்டுகிறேன், வலது கை மட்டும் வேறு ஆளின் கை மாதிரி இருக்கிறது.

ஸ்க்வீஜி

விண்ட்ஷீல்டு இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது, லேமினேட்டட். அது புற ஊதாவைக் கிட்டத்தட்ட முழுசாகத் தடுத்துவிடும். கதவுக் கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்டு, ஒற்றைக் கண்ணாடி. அதில் தோலைச் சுடுகிற யு.வி.பி. நிற்கும், கறுக்க வைக்கிற யு.வி.ஏ. ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். அது தான் உங்கள் வலது கை. ஃபிலிம் எத்தனை சதவீதமாக இருந்தாலும், ஏன் நிறமே இல்லாத ஃபிலிமாக இருந்தாலும், நல்லதாக இருந்தால் இதைத் தடுக்கும். இதற்குக் கறுப்பு தேவையே இல்லை.

கிள்ளான்வாசி

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே 2019 மே மாதம் விதியை மாற்றினார்கள். முன் கண்ணாடி 70, முன் கதவுகள் 50, பின் கதவுக்கும் பின் கண்ணாடிக்கும் வரம்பே இல்லை. எவ்வளவு இருட்டாகவும் போடலாம். எங்கள் பக்கம் வருடம் முழுக்க வெயில், அதனால் புது கார் எடுத்தால் நம்பர் பிளேட்டுக்கு முன்னால் டின்டட் (ஃபிலிம்) பேச்சு தான்.

தேனிமலை ஐயா சொன்னது தான் இங்கே விதியாகவே இருக்கிறது, ஓட்டுகிறவன் பார்க்கிற கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும், பின்னால் உட்காருகிறவனுக்கு இருட்டு. ஆனால் நானே பின் கண்ணாடியில் 15 போட்டுவிட்டு, இரவு மழையில் ஈப்போவிலிருந்து வரும்போது பின்னால் லைட் போடாமல் வந்த மோட்டார் சைக்கிளைக் கவனிக்கவில்லை. மறு மாதம் 35 ஆக்கிவிட்டேன். விதி விடுகிறது என்பதற்காகக் கடைசி வரை போக வேண்டியதில்லை.

வைகைக்கரையான்

கியர்பாக்ஸ் சார் சொன்ன மாதிரி இன்று காலை அளந்து பார்த்தேன். கடைக்காரரிடம் கெஞ்சி சாம்பிள் கொத்தை ஒரு நாள் வாங்கி வந்தேன். மனைவி கதவுக்கு வெளியே நின்று துண்டைக் கண்ணாடியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள், நான் உள்ளே போனை வைத்துக்கொண்டு. மேகம் போய்ப் போய் வந்ததால் ஒவ்வொன்றையும் மூன்று தடவை எடுத்தேன்.

கண்ணாடி இறக்கி: 4200. ஏற்றி, வெறும் கண்ணாடி: 3190. அதாவது 76 சதவீதம். 70 துண்டு வைத்தால் 2230, மொத்தம் 53. 50 துண்டு வைத்தால் 1590, மொத்தம் 38. நான் 'லேசாக' என்று கேட்ட 35 துண்டுக்கு 1110 தான், மொத்தம் 26! கையெழுத்துப் போடாமல் வந்தது என் நல்ல நேரம்.

ஆக, பக்கக் கதவுக்கு 70 தவிர வேறு எதுவும் 50-க்கு மேல் நிற்காது போலிருக்கிறது. பின் கண்ணாடிக்கும் அதே 70 போட்டுவிடலாமா? கடையில் 'ஃபுல் செட்' எடுத்தால் 1500 குறைக்கிறேன் என்கிறார்.

கியர்பாக்ஸ்

சபாஷ். ஆனால் பின் கண்ணாடியில் அவசரப்படாதீர்கள். அதற்கு வரம்பு 50 இல்லை, 70. பல பேர் இதைக் கவனிப்பதே இல்லை. உங்கள் பின் கண்ணாடியும் சும்மா 75 பக்கம் இருந்தால், அதில் 90 ஃபிலிம் போட்டாலே 68-க்குப் போய்விடும். முன் கண்ணாடிக்கும் இதே கணக்கு தான். வெறும் கண்ணாடி 78-ஆவது இருந்தால் தான் 90 ஃபிலிம் தேறும். அதாவது முன்னும் பின்னும் ஒட்ட உங்களுக்கு இடமே இல்லை. ஃபுல் செட் தள்ளுபடி, தேவையில்லாததை வாங்கினால் கிடைக்கிற தள்ளுபடி.

ஸ்க்வீஜி

பின் கண்ணாடிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதில் டிஃபாகர் (பனி போக்கும் சூட்டுக்) கோடுகள் உள்ள வேரியன்ட் என்றால், என்றைக்காவது உரிக்க வேண்டி வந்தால் கோடும் சேர்ந்து வரலாம். ஒரு கோடு அறுந்தால் அந்த வரி மட்டும் பனி போகாது. போலீஸ் உரிக்கும்போது ஹீட் கன் எல்லாம் வைத்துப் பொறுமையாக உரிக்க மாட்டார்கள்.

நிறுத்தி வைத்த வண்டியின் சூட்டுக்கு, முன் கண்ணாடியில் உள்ளே விரிக்கிற வெள்ளித்தாள் மறைப்பு வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய் தான். ஓட்டும்போது மடித்து வைத்துவிடலாம். எந்த ஃபிலிமும் நிற்கிற வண்டி சூடாவதைத் தள்ளிப்போடும், அவ்வளவு தான். சீட் பெல்ட் கொக்கி மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

ஒட்டும் அன்று இரண்டு விஷயம் பாருங்கள். ஃபிலிமை வெட்டக் கண்ணாடி மேலேயே பிளேடு போடுகிறார்களா (கூடாது, கீறல் விழும்), ரப்பர் பீடிங்குக்குள் ஃபிலிம் முனை இறங்கியிருக்கிறதா. ஓரம் சரியாக ஒட்டாமல் விட்டால் பிறகு அங்கிருந்து தான் சுருளும். ஒட்டின பிறகு நாலைந்து நாளைக்குக் கண்ணாடியை இறக்கக் கூடாது. உள்ளே சின்னச் சின்னதாக நீர்க்கொப்புளம் தெரியும், பதறாதீர்கள், சோப்புத் தண்ணீர் தான், வெயிலில் காய்ந்துவிடும். ஒரு மாதம் கழித்தும் கொப்புளம் இருந்தால் அது காற்று, அப்போது சண்டை போடுங்கள்.

கறுப்புக்கிளி

சரி, இரண்டு நாளாக இதைப் படித்துவிட்டு நேற்று இரவு எட்டு மணிக்கு வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி, கண்ணாடி ஏற்றி வலது மிரரைப் பார்த்தேன். எதிர்வீட்டு டூ வீலர் தெரியவில்லை. இறக்கிப் பார்த்தேன், தெரிகிறது. முன் கதவு இரண்டை மட்டும் உரிக்க எவ்வளவு ஆகும் ஸ்க்வீஜி?

ஸ்க்வீஜி

வீட்டிலேயே செய்யலாம் சார். ஹேர் டிரையரால் மூலையைச் சூடாக்கி, மெதுவாக, கண்ணாடியோடு ஒட்டினாற்போல் இழுங்கள். அவசரப்பட்டால் ஃபிலிம் வந்துவிடும், பசை நிற்கும். மிஞ்சின பசைக்கு சோப்புத் தண்ணீர் தெளித்துப் பிளாஸ்டிக் சுரண்டி. பின் கதவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

வைகைக்கரையான்

வேலை முடிந்தது. நாலு கதவுக்கும் செராமிக் 70. முன்னும் பின்னும் ஒன்றும் ஒட்டவில்லை. டி.எஸ்.இ.ஆர். கேட்டேன், பெட்டியைத் தேடி எடுத்து 44 என்று காட்டினார். டீ சொல்லப் போகவில்லை. பில்லில் சதவீதத்தையும் எழுதி வாங்கிவிட்டேன்.

பத்து நாள் ஆகிறது. மத்தியானத்தில் ஏசி முன்னைவிடச் சீக்கிரம் பிடிக்கிறது, கையில் சுள்ளென்று வெயில் விழுவது போயிருக்கிறது. இரவில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ரிங் ரோட்டில் ஒரு தடவை செக்கிங்கில் நிறுத்தினார்கள், லைசென்ஸ் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள், கண்ணாடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மாவுக்குக் கூலிங் கிளாஸ் வாங்கியாகிவிட்டது. வண்டி வீட்டுக்கு வந்த அன்று சுற்றிச் சுற்றி வந்து நாலு கண்ணாடியையும் விரலால் தட்டிப் பார்த்தார். "ஒம்பதாயிரத்து ஐந்நூறு வாங்கிட்டு ஒண்ணுமே ஒட்டாம அனுப்பியிருக்கான், நீயும் கேக்காம வந்திருக்க" என்று இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.